தட்டின் மேல் பழி போடாதீர்கள்!

பழைய ரிக்கார்டு போட்டால் குரல் கீச்சிடுகிறதா? மிருதங்கம் தகர டப்பாவைத் தட்டியது போல் கேட்கிறதா? தட்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குற்றம் வேறு இடத்தில் இருக்கலாம்!

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், பாம்பன், ராமேசுவரம் என்று கடலோரமாக எத்தனையோ பழைய வீடுகள். பரணைச் சுத்தம் செய்யும்போது, பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே சில சமயம் ஒரு தகரப் பெட்டி கிடைக்கும். திறந்தால் உள்ளே கறுப்பு இசைத்தட்டுகள்!

தாத்தா வாங்கியவை. கலியாண வீட்டிலும் கந்தூரியிலும் கோவில் கொடையிலும் பாடியவை. பனை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியாக ஊருக்கே கேட்டவை.

இப்போது ரிக்கார்டு பிளேயர்கள் மறுபடியும் கடைக்கு வந்துவிட்டன. பேரன் ஒரு புதுப் பிளேயர் வாங்கி வருகிறான். வீடே கூடி உட்காருகிறது. தட்டு சுழல்கிறது. ஆனால், வரும் பாட்டு பழைய பாட்டாக இல்லை. குரலில் ஒரு கூர்மை, காதைக் குத்துகிறது. அல்லது போர்வையைப் போர்த்தியது போல் மந்தமாக இருக்கிறது.

"உப்புக் காற்று தட்டைத் தின்றுவிட்டது" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார். பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

அந்தத் தீர்ப்பு பல சமயம் தவறானது. தட்டு நன்றாகவே இருக்கும். தட்டைத் தொடும் முள்ளுக்கும், அந்த முள்ளின் ஒலியைப் பெரிதாக்கும் பெட்டிக்கும் பொருத்தம் இருக்காது. அவ்வளவுதான். அந்தப் பொருத்தத்துக்குத்தான் 'லோடு' என்று பெயர். சரியான லோடு வைத்தால், செத்துப் போனதாக நினைத்த குரல் எழுந்து வரும்!

யார் யார் குரல்?

தட்டு போனால் என்ன போகிறது? பாட்டு கைப்பேசியிலேயே கிடைக்கிறதே என்று கேட்கலாம்.

எல்லாப் பாட்டும் கிடைப்பதில்லை. நாடக மேடையின் பாட்டுச் சிங்கம் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் 27 வயதில் இறந்து போனார். அவர் குரலை இன்று கேட்க, ரிக்கார்டு ஒன்றே வழி.

பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் இசைத்தட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. காரைக்குடியில் 1907-ல் பிறந்தவர் ஏ.வி.மெய்யப்பன். அவருடைய தந்தையின் கடையில் கிராமபோன் ரிக்கார்டுகள் விற்றன. விற்பதோடு நிற்காமல், தட்டைத் தயாரித்தே பார்ப்போம் என்று சென்னைக்குப் போனார். 1932-ல் கூட்டாளிகளோடு சரசுவதி ஸ்டோர்சைத் தொடங்கினார். ஓடியன் தட்டுகள் அதன் மூலம் வீடு வீடாகப் போயின. பிற்காலத்து ஏவி.எம். ஸ்டூடியோவுக்கு முதல் படி அந்தக் கறுப்புத் தட்டுதான்! (காரைக்குடி அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985-ல்தான் மாவட்டம் பிரிந்தது.)

அந்த ஓடியன் தட்டுகளைத் தேடிப் பிடித்துக் கணினியில் ஏற்றும் வேலை, லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு நடந்தது. தட்டுகள் எங்கிருந்து கிடைத்தன? பெரும்பாலும், தூக்கி எறியாமல் வைத்திருந்த தனி மனிதர்களின் சேகரிப்பில் இருந்துதான்!

ஆகவே, பரணில் இருக்கும் ஒரு தட்டு, வேறு எங்கும் இல்லாத தட்டாக இருக்கலாம். எறிவதற்கு முன் ஒரு முறை சரியாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

முள் என்ன செய்கிறது?

தட்டில் ஓடும் கோடு ஒரு சின்ன வாய்க்கால். அதன் கரைகள் நெளிந்து நெளிந்து போகும். அந்த நெளிவுதான் பாட்டு. முள் அதில் ஓடும்போது ஆடுகிறது. முள்ளைத் தாங்கி இருக்கும் சின்னப் பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். முள்ளின் ஆட்டத்தை அது மின்சாரமாக மாற்றுகிறது.

எவ்வளவு மின்சாரம்? இன்று பல வீட்டுப் பிளேயர்களில் இருக்கும் காந்தக் கார்ட்ரிட்ஜில் சுமார் 5 மில்லி வோல்ட். டார்ச் விளக்கில் போடும் ஒரு பேட்டரி செல் 1½ வோல்ட். அதில் 300-ல் ஒரு பங்கு! இதை வைத்து ஒலிபெருக்கியை அசைக்க முடியாது. முதலில் இதைப் பெரிதாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் போனோ பெட்டி. 'போனோ பிரி-ஆம்ப்' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். சில பிளேயர்களில் அது உள்ளேயே இருக்கும். சிலவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும்.

போனோ பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தட்டு வெட்டும்போதே அடித்தொனியைக் குறைத்து, உச்சத்தொனியைக் கூட்டி வெட்டுகிறார்கள். ஏன்? அடித்தொனியை அப்படியே வெட்டினால் வாய்க்கால் அகலமாகி, தட்டில் இடம் போதாது. உச்சத்தொனியைக் கூட்டாவிட்டால் தட்டின் இரைச்சல் அதை மூடிவிடும்.

வெட்டும்போது செய்ததைக் கேட்கும்போது திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா? இதற்கு ஒரு பொதுக் கணக்கை 1954-ல் அமெரிக்க ரிக்கார்டு கம்பெனிகளின் சங்கம் வகுத்தது. ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கு என்று அதற்குப் பெயர். அதன்படி, நடுத்தொனியோடு ஒப்பிட்டால், வினாடிக்கு 20 அதிர்வுள்ள அடித்தொனியைப் பெட்டி ஏறக்குறைய 9 மடங்கு உயர்த்தும். 20,000 அதிர்வுள்ள உச்சத்தொனியை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும்.

பெட்டி இந்தக் கணக்கைச் சரியாகச் செய்யும். ஆனால், கார்ட்ரிட்ஜில் இருந்து வரும் ஒலி வழியிலேயே கெட்டு வந்தால், பெட்டி என்ன செய்யும்?

ஊஞ்சலும் கையும்

காந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. பக்கத்தில் முள்ளோடு சேர்ந்து ஒரு குட்டிக் காந்தம் ஆடுகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அது வயர் வழியாகப் போனோ பெட்டிக்குப் போகிறது.

வயருக்கும் பெட்டிக்கும் ஒரு குணம் உண்டு. கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு விடும். கண்டென்சர் செய்யும் அதே வேலை. இதன் அளவு 'பிகோபாரட்'. மிக மிகச் சிறிய அளவு. ஒரு பாரட்டை லட்சம் கோடிப் பங்காக வகுத்தால் அதில் ஒன்று!

சுருளும் இந்தப் பிடித்து வைக்கும் குணமும் சேர்ந்தால் ஓர் ஊஞ்சல் உண்டாகிறது. வீட்டு ஊஞ்சலைப் பாருங்கள். சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் மேலே மேலே போகும். அதுபோல, ஒரு குறிப்பிட்ட உச்சத்தொனி வரும்போது மட்டும் மின்சார ஊஞ்சல் எகிறிவிடும். காதைக் குத்தும் கீச்சு அதுதான்!

ஊஞ்சல் எகிறாமல் ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கைதான் பெட்டியில் இருக்கும் ரெசிஸ்டர். அளவு ஓம். காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு உலகம் முழுவதும் வழக்கமாக வைக்கும் அளவு 47,000 ஓம்.

ஓம் அதிகமானால் பிடி தளர்கிறது. ஊஞ்சல் எகிறுகிறது. குரல் கூர்மையாகிறது. ஓம் குறைந்தால் பிடி இறுகுகிறது. உச்சத்தொனி அடங்கிப் போகிறது. பாட்டு மந்தமாகிறது. இவ்வளவுதான் லோடு கணக்கின் சாரம்.

வயர் நீளம் செய்த கோளாறு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார்ட்ரிட்ஜின் சுருள் அரை ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். காந்தக் கார்ட்ரிட்ஜில் இது சாதாரண அளவு. வயரில் ஒரு மீட்டருக்கு 100 பிகோபாரட். பெட்டிக்குள் 100 பிகோபாரட்.

பிளேயரும் பெட்டியும் பக்கத்தில் இருக்கின்றன. வயர் 1½ மீட்டர். வயரில் 150, பெட்டியில் 100. ஆக மொத்தம் 250 பிகோபாரட். ஊஞ்சல் எகிறும் இடம் வினாடிக்கு ஏறக்குறைய 14,000 அதிர்வு. பேச்சிலும் பாட்டிலும் அவ்வளவு உயரத்தில் அதிகம் ஒன்றும் இல்லை. தொல்லை குறைவு.

இப்போது பெட்டியை அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள். வயர் 3½ மீட்டர். வயரில் 350, பெட்டியில் 100. மொத்தம் 450 பிகோபாரட். ஊஞ்சல் எகிறும் இடம் 10,600 அதிர்வுக்கு இறங்கி வந்துவிடும்! 'ச', 'ஸ', 'ஷ' என்ற எழுத்துகளின் சீறல் இந்தப் பக்கம் வரை எட்டும். ஜால்ராவின் ஒலியும் இங்கே உண்டு. பாடகர் 'சுவாமி' என்றால் 'ஸ்ஸுவாமி' என்று சீறும். அதற்கு மேலே உள்ள தொனிகள் சட்டென்று விழுந்துவிடும். தட்டில் உள்ள சின்னக் கீறலின் 'டிக் டிக்' கூடப் பெரிதாகக் கேட்கும்.

தட்டு அதே தட்டு. முள் அதே முள். வயர் நீண்டது, பழி தட்டின் மேல் விழுந்தது!

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். அதே கார்ட்ரிட்ஜை 10,000 ஓம் உள்ள ஒரு துளையில் செருகினால் என்ன ஆகும்? 3,200 அதிர்வுக்கு மேலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். போர்வை போர்த்திய குரல் இப்படித்தான் வருகிறது.

மூன்று சாதி முள்

லோடு எவ்வளவு வைப்பது என்பது கார்ட்ரிட்ஜின் வகையைப் பொறுத்தது. வகை மூன்று.

முதலாவது, மேலே சொன்ன காந்த வகை. 'மூவிங் மேக்னட்', சுருக்கமாக 'எம்.எம்.' என்பார்கள். ரெசிஸ்டர் 47,000 ஓம். வயரும் பெட்டியும் சேர்த்து எவ்வளவு பிகோபாரட் இருக்கலாம் என்பதைக் கார்ட்ரிட்ஜ் கம்பெனியே காகிதத்தில் அச்சிட்டுத் தரும். பலவற்றுக்கு அது 100-க்கும் 300-க்கும் இடையில் இருக்கும்.

இரண்டாவது, சுருள் ஆடும் வகை. 'மூவிங் காயில்', 'எம்.சி.' இதில் காந்தம் நிற்கும், சுருள் ஆடும். சுருள் மிகச் சிறியது. மின்சாரமும் மிகக் குறைவு. அரை மில்லி வோல்ட்டுக்கும் கீழே! இதற்கு லோடு சுமார் 100 ஓம். சுருளின் ஓம் எவ்வளவோ, அதைப் போல் பத்து மடங்கு வைப்பது வழக்கம். சுருள் 10 ஓம் என்றால் லோடு 100 ஓம். லோடையும் 10 ஓம் ஆக்கினால் ஒலி பாதியாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது, கிரிஸ்டல் அல்லது செராமிக் வகை. அந்தக் காலத்துக் கைப்பெட்டிப் பிளேயர்களிலும் மைக் செட்டுக்காரர்களின் பிளேயர்களிலும் பெரும்பாலும் இருந்தது இதுதான். இதில் சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. ஒரு படிகத் துண்டை முள் வளைக்கிறது. வளைந்தால் மின்சாரம் வருகிறது. நல்ல பலமான மின்சாரம். ஆனால் இதற்கு லோடு மிக அதிகம் வேண்டும். சுமார் 10 லட்சம் ஓம்!

ஏன் என்று கேளுங்கள். இந்தப் படிகம் ஒரு குடம் மாதிரி. முள் ஆட ஆடக் குடத்தில் தண்ணீர் ஏறி இறங்குகிறது. லோடு குறைந்தால் குடத்தின் அடியில் பெரிய ஓட்டை போட்டது போல. வேகமாக ஏறி இறங்கும் உச்சத்தொனி தப்பித்துவிடும். மெதுவாக ஏறும் அடித்தொனியோ, நிரம்புவதற்குள் ஒழுகிப் போய்விடும்.

பழைய கிரிஸ்டல் பிளேயரை இன்றைய டேப், ஆம்பிளிபயர் ஆகியவற்றின் சாதாரணத் துளையில் செருகினால் நடப்பது இதுதான். அந்தத் துளைகளில் பல 10,000 முதல் 50,000 ஓம் வரைதான் இருக்கும். படிகம் 800 பிகோபாரட் என்றால், 47,000 ஓமில் 4,200 அதிர்வுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். 10 லட்சம் ஓம் வைத்தால் 200 அதிர்வு வரை நிற்கும்.

ராமநாதபுரம் மண் மிருதங்கத்துக்குப் பெயர் போனது. சி.எஸ்.முருகபூபதி பிறந்த மண் அது. மிருதங்கத்தின் வலந்தலை 'டிங்' என்று பேசும். தொப்பி 'தொம்' என்று பதில் சொல்லும். ஓட்டைக் குடத்தில் போட்டால் 'டிங்' மட்டும் வரும். 'தொம்' வராது. கேட்பவர், "மிருதங்கக்காரர் சரியில்லை" என்பார். பாவம், அவர் என்ன செய்வார்!

உப்பு விரும்பாத உப்பு

கடலோரத்துக்கு மட்டும் உரிய ஒரு செய்தி இதில் உண்டு. பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜில் இருக்கும் படிகம் என்ன தெரியுமா? அதுவும் ஓர் உப்புதான்! ஆனால் வாலிநோக்கம் உப்பளத்தில் விளையும் உப்பு அல்ல.

அதற்கு 'ரோஷல் உப்பு' என்று பெயர். பிரான்சு நாட்டில் லா ரோஷல் என்ற துறைமுக ஊரில், 17-ம் நூற்றாண்டில், ஒரு மருந்துக்காரர் அதைச் செய்தார். வயிற்றுக்கு மருந்தாக விற்றார். புளியில் இருக்கும் புளிப்புக்கு டார்டாரிக் அமிலம் என்று பெயர். அந்த அமிலத்தின் உப்புதான் இது. இத்தகைய படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்பதை 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். ரேடியம் கண்ட மேரி கியூரியின் கணவர் பியரும் அவர் அண்ணன் ஜாக்கும்தான் அந்தச் சகோதரர்கள்.

ரோஷல் உப்புக்கு இரண்டு பகைவர்கள். ஒன்று ஈரம். இன்னொன்று வெப்பம். ஈரக் காற்றில் கசிந்து கரையும். 55 டிகிரி சூட்டில் அதன் கதை முடியும். மூடிய காருக்குள் வெயிலில் வைத்தாலே அந்தச் சூடு வந்துவிடும். ராமேசுவரம் தீவைச் சுற்றிலும் கடல். காற்றில் ஈரத்துக்குக் கேட்க வேண்டியதில்லை. வெயிலுக்கும் குறைவில்லை. இந்த ஊர்களில் பல ஆண்டு பரணில் கிடந்த கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் செத்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

பிறகு வந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் பீங்கான் போல் சுட்டெடுத்தது. ஈரம் அதை ஒன்றும் செய்யாது. எனவே, பழைய பிளேயரில் ஒலி மிகவும் மெலிந்து வந்தால், லோடைத் திருத்துவதால் பயன் இல்லை. செராமிக் கார்ட்ரிட்ஜாக மாற்றிவிட வேண்டும். காற்றும் ஈரமும் கெடுத்தது தட்டை அல்ல. முள்ளைத் தாங்கிய பெட்டியைத்தான்!

உப்புக் காற்று செய்யும் இன்னொரு வேலை, வயர் முனைகளில் களிம்பு ஏற்றுவது. பச்சைக் களிம்பு ஏறிய முனையில் 5 மில்லி வோல்ட் எப்படிப் போகும்? சுத்தமான பருத்தித் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

கடல் தாண்டி வந்த பாட்டு

"அந்தக் காலத்தில் ரேடியோவில் இதே பாட்டு எவ்வளவு மெதுவாக, இனிமையாக இருந்தது!" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு.

உண்மைதான். இந்தக் கடற்கரைக்குப் பாட்டு கேட்கக் கற்றுத் தந்ததில் இலங்கை வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் வர்த்தக ஒலிபரப்பு 1950-ல் தொடங்கியது. 1952-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. கேட்பவர்கள் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். மயில்வாகனனின் குரல் வீட்டுக் குரல் ஆயிற்று. 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பாசம் போகவில்லை.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மத்திய அலை வானொலி, கடலின் மேல் அதிகம் தேயாமல் வந்து சேரும். கொழும்பில் ஒரு முள் தட்டைத் தொட்டது. ராமேசுவரத்துத் திண்ணையில் பாட்டு கேட்டது!

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மத்திய அலை வானொலி உச்சத்தொனி முழுவதையும் சுமந்து வராது. மேல் பகுதியை விட்டுவிட்டுத்தான் வரும். எனவே, ரேடியோவில் கேட்ட நினைவை வைத்துக்கொண்டு, 'இது அதைப் போல் மெதுவாக இல்லையே' என்று லோடை இறக்கிக்கொண்டே போகக் கூடாது. தட்டில் ரேடியோவை விட அதிகம் இருக்கிறது. அது வெளியே வரட்டும்!

வீட்டில் செய்வது எப்படி?

முதலில் சாதாரணக் காரியங்களைப் பாருங்கள். முள் தேய்ந்திருக்கிறதா? வைர முள்ளுக்கும் ஆயுள் உண்டு. முள்ளில் பஞ்சு போல் தூசி இருக்கிறதா? கம்பெனி சொன்ன எடை முள்ளின் மேல் இருக்கிறதா? இவை சரியில்லாமல் லோடைத் தொட்டுப் பயன் இல்லை.

இரண்டாவது, பிளேயருக்குள் போனோ பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் 'போனோ', 'லைன்' என்று ஒரு சுவிட்சு இருந்தால், உள்ளே பெட்டி இருக்கிறது. 'லைன்' பக்கம் வைத்துவிட்டு, ஆம்பிளிபயரிலும் 'போனோ' துளையில் செருகினால், ஒரே வேலையை இருவர் செய்வார்கள். பாட்டு அலறும், உடையும். இரண்டில் ஒன்று போதும்.

மூன்றாவது, கார்ட்ரிட்ஜின் வகை. எம்.எம்., எம்.சி. என்று போனோ பெட்டியில் சுவிட்சு இருக்கும். கார்ட்ரிட்ஜ் எதுவோ அதில் வையுங்கள். சுவிட்சைத் திருப்பும்போதும் வயரைச் செருகும்போதும் ஒலியை முழுக்கக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 'டமார்' என்ற அதிர்ச்சியில் ஒலிபெருக்கி கிழியலாம்.

நான்காவது, பிகோபாரட் கணக்கு. வயரில் உள்ளதையும் பெட்டியில் உள்ளதையும் கூட்டுங்கள். கார்ட்ரிட்ஜ் கம்பெனி கேட்பது 200, உங்கள் கணக்கு 450 என்றால், வயரைக் குறையுங்கள். பெட்டியைப் பிளேயருக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். சில பெட்டிகளில் பிகோபாரட்டை மாற்றச் சின்னச் சின்னச் சுவிட்சுகள் இருக்கும். குறைந்த அளவில் இருந்து தொடங்குங்கள். கூட்டுவது எளிது. இருப்பதற்குக் கீழே குறைக்க, வயரை வெட்டுவதைத் தவிர வழி இல்லை.

ஐந்தாவது, ஓம். 47,000-ல் வைத்துவிட்டுக் கேளுங்கள். அதற்குப் பிறகும் கூர்மை இருந்தால், ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லி, பெட்டியின் நுழைவாயிலில் 1 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பக்கவாட்டில் இணைக்கலாம். அப்போது மொத்தம் சுமார் 32,000 ஓம் ஆகும். ஊஞ்சலைப் பிடித்த கை இன்னும் கொஞ்சம் இறுகும். கூர்மை தணியும். இரண்டு பக்கத்துக்கும் ஒன்று போல் செய்ய வேண்டும். ரெசிஸ்டரின் விலை சில ரூபாய்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஒரே பாட்டை, ஒரே ஒலி அளவில் கேளுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பது போல் காது ஏமாறும்!

கலியாணத்துக்குப் பொருத்தம் பார்க்கும்போது கூட ஒரே நாளில் முடிவு சொல்வதில்லை. இதற்கும் இரண்டு மூன்று மாலை ஆகட்டும்.

78 தட்டுக்கு எச்சரிக்கை!

பரணில் கிடைக்கும் தட்டு, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டாக இருக்கலாம். அது அரக்கினால் செய்தது. கீழே விழுந்தால் உடையும். 33, 45 வேகத் தட்டுகள் வினைல் பிளாஸ்டிக். இவை உடைவதில்லை. 33 வேக எல்.பி. தட்டு 1948-லும், 45 வேகத் தட்டு 1949-லும் அமெரிக்காவில் பிறந்தன. ஆனால் நம் நாட்டில் 1960-களிலும் 78 தட்டு வந்துகொண்டுதான் இருந்தது.

78 தட்டின் வாய்க்கால் அகலம். அதற்கு முள்ளின் நுனியும் பருமனாக வேண்டும். எல்.பி. முள்ளின் நுனி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 18 பங்கு. 78 முள்ளின் நுனி ஆயிரத்தில் 76 பங்கு. நாலு மடங்குக்கு மேல்! எல்.பி. முள்ளை 78 தட்டில் வைத்தால், அது வாய்க்காலின் அடியில் கிடந்து குப்பையை வாரும். பாட்டுக்குப் பதில் இரைச்சல் வரும். முள்ளும் கெடும்.

ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கும் 78 தட்டில் பலவற்றுக்கு முந்தியது அல்ல, பிந்தியது. எனவே, அந்தத் தட்டுகள் புதுப் பெட்டியில் கொஞ்சம் மந்தமாகக் கேட்பது இயல்பு. ஆம்பிளிபயரில் உள்ள 'டிரெபிள்' திருகைச் சற்றே கூட்டிக்கொள்ளலாம்.

கரகரப்பு வேறு விஷயம். அது தூசியும் கீறலும். லோடு அதைப் போக்காது.

காது சொல்லும் தீர்ப்பு

எல்லாம் செய்த பிறகு, சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கருவி வேண்டாம். மூன்று அடையாளங்கள் போதும்.

ஒன்று, உச்சக் குரல். இசைமுரசு நாகூர் ஈ.எம்.அனிபா ராமநாதபுரத்தில் பிறந்தவர். 2015-ல் மறைந்தார். அவர் குரல் எட்டுக்கட்டையில் எழும். கணீர் என்று இருக்கும். அந்தக் கணீர் கேட்க வேண்டும். கீச்சு கேட்கக் கூடாது. கணீருக்கும் கீச்சுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரியான லோடு.

இரண்டு, நுணுக்கக் குரல். ராமநாதபுரம் கிருஷ்ணன் (1918-1973) மெல்லிய குரலில், நுட்பமான கமகங்களோடு பாடியவர். 1960-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். நான்சச் என்ற அமெரிக்கக் கம்பெனி அவர் பாட்டை எல்.பி. தட்டாக வெளியிட்டது. அப்படிப்பட்ட பாட்டில் குரலின் ஒவ்வோர் அசைவும் தனித் தனியாகத் தெரிய வேண்டும். குழம்பித் தெரிந்தால் ஓம் மிகவும் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

மூன்று, மிருதங்கத்தின் தொப்பி. 'தொம்' என்ற ஒலி வயிற்றில் வந்து தொட வேண்டும்.

இந்தத் தீர்ப்பைச் சொல்லத் தாத்தா மட்டும் போதாது. வயது ஏற ஏற, காது உச்சத்தொனியை விட்டுக்கொண்டே வரும். இது எல்லோருக்கும் இயற்கை. 14,000 அதிர்வில் ஊஞ்சல் எகிறுவது எழுபது வயதுக் காதுக்குப் பெரும்பாலும் கேட்காது. பத்து வயதுக் காதுக்கு நன்றாகக் கேட்கும்.

ஆனால், பத்து வயதுக்கு அந்தப் பாடகரின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. கச்சேரியில் நேரில் உட்கார்ந்து கேட்ட தாத்தாவுக்குத்தான் தெரியும்.

எனவே இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். பேரன் கீச்சைச் சொல்வான். தாத்தா குரலைச் சொல்வார். இரண்டும் ஒத்துப் போகும் இடத்தில் சுவிட்சை நிறுத்திவிடுங்கள்.

பழைய இரும்புக் கடைக்காரர் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்!